அதுக்கு முந்தி என்னங்க?

அந்த மேடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இருக்கிற ஊரில் நிம்மதியாக இருக்கட்டும். கல்லூரியிலும் அவரைப் பெயர் சொல்லி யாரும் பேசினதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'அதுக்குமுந்தி மேடம்'தான்.

எதைச் சொன்னாலும் அந்த ஒரு கேள்விதான் கேட்பார். டியூப்லைட் எரியவில்லை என்று போய்ச் சொல்வேன். "அதுக்கு முந்தி என்னங்ணா ஆச்சு?" என்பார். அதற்கு முந்தி இரண்டு நாளாக மினுக்கிக்கொண்டிருந்தது. "அதுக்கு முந்தி?" மழையில் சுவர் ஊறியிருந்தது. "அதுக்கு முந்தி?" மொட்டை மாடியில் தண்ணீர் இறங்குகிற குழாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது. அங்கே போய்த்தான் நின்றார். குஞ்சுகள் பறந்துபோகும்வரை பொறுத்திருந்து, கூட்டை எடுக்கச் சொல்லி, சுவர் காய்ந்த பிறகுதான் புது டியூப்லைட் போடவிட்டார். அதுவரைக்கும் பத்து நாள் ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில், ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற எலிக்கூடத்தில் எனக்கு வேலை. ஐந்தாவது வரைக்கும் படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. எலிகளோடு இருப்பதற்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, தீவனம் செய்வது என்று பொழுது போய்விடும். மதியச் சாப்பாட்டையும் கேன்டீனுக்குக் கொண்டுபோகாமல் கூண்டுகளுக்கு நடுவிலேயே ஒரு முக்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொள்வேன்.

மேடத்துக்கு ஆனைமலைப் பக்கம் ஊர். தென்னந்தோட்டம் வைத்திருக்கிற விவசாயி மகள். போத்தனூரில் அக்கா வீட்டில் தங்கி டவுன் பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எலியைக் கையில் எடுக்கும்போதுகூட "ஏனுங்க, சித்த வாங்க" என்று சொல்லித்தான் எடுப்பார். எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, நம்பர்தான் என்பது அவருடைய சட்டம். பெயர் வைத்தால் கை நடுங்கும் என்பார். அந்தச் சட்டத்தை நான் வாயளவில் காப்பாற்றினேன்.

அவருடைய கேள்வி எல்லா இடத்திலும் நல்லது செய்ததில்லை. ஆபீஸ் பியூன் அண்ணன் ஒருநாள், மகள் பத்தாவதில் தேறவில்லை என்று வருத்தப்பட்டுச் சொன்னார். மேடம் விடவில்லை. அதற்கு முந்தி? பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சரியாகப் போகவில்லை. அதற்கு முந்தி? வீட்டில் சமையல் அந்தப் பிள்ளை தலையில் விழுந்தது. அதற்கு முந்தி? அவர் சம்சாரம் செத்துப்போனது. அதற்கு முந்தி? "ஆஸ்பத்திரிக்கு இன்னிக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு நாந்தானுங்க தள்ளிப்போட்டேன்" என்று சொல்லி, டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த மனுசன் அழுதார். மேடம் முகம் வெளுத்துப்போய் நின்றார். ஒரு மாதம் மேடத்துக்கு மட்டும் ஆறிப்போன டீதான் வந்தது. அதற்கு முந்தி என்ன என்று அவரும் கேட்கவில்லை.

அவர் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

சர்க்கரை வியாதி நாற்பது வயதில் வருகிறது. அதற்கு முந்தி என்ன? கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் சளைத்துப்போகின்றன. அதற்கு முந்தி? சில பேருக்கு அந்த செல்கள் பிறக்கும்போதே குறைச்சலாகவும் சோம்பலாகவும் இருக்கின்றன. அதற்கு முந்தி? அங்கேதான் அவர் எலிகளோடு உட்கார்ந்திருந்தார். தாய் வயிற்றில் இருக்கும்போது சத்துக் குறைந்தால் அந்த செல்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும்.

தீவனம் நான்தான் செய்வேன். மாவு, எண்ணெய், உப்பு, வைட்டமின் பொடி, பாலிலிருந்து எடுத்த புரதப்பொடி எல்லாவற்றையும் பிசைந்து, முறுக்குக் குழலில் பிழிந்து, காயவைத்து உடைத்து டப்பாவில் போடுவேன். பச்சை மூடி டப்பாவில் புரதம் முழுசாக இருக்கும். சிவப்பு மூடியில் பாதிக்கும் குறைவு, மிச்சத்துக்கு மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று முதல் பன்னிரண்டு வரை பச்சை மூடிக் கூண்டுகள். பதின்மூன்று முதல் இருபத்துநாலு வரை சிவப்பு மூடி. எல்லாம் சினை எலிகள்.

"இதுங்க குட்டிக்கு ஏனுங்க மேடம் சர்க்கரை வரோணும்?" என்று ஒருநாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"பஞ்ச வருசத்துல எங்கய்யன் என்னங்ணா பண்ணுவாரு? கெணத்துல தண்ணி கொஞ்சந்தான் இருக்கும். ஊட்டுப் பக்கத்துத் தென்னையாச்சும் பொழைக்கட்டும்னு, கடைக்கோடி வயலுக்குப் போற கேட்வால்வை மூடிப்போடுவாரு. வயித்துல இருக்கற குட்டியும் அதேதான் பண்ணுது. மூளைக்குக் குடுத்துப்போட்டுக் கணையத்துக்கு மூடிருது."

"பொறகு மழை பேஞ்சா?"

"கெணறு நெறஞ்சாலும் அந்த வால்வு துருப்புடிச்சுப்போயி அப்படியே நின்னுக்குதுங்ணா. செல்லுக்குள்ள எழுதி வெச்சதுல ஒரு எழுத்துக்கூட மாறலை. கண்ணுலயும் அதே எழுத்துத்தான், கணையத்துலயும் அதே எழுத்துத்தான். எதைத் தொறக்கறது, எதை மூடறதுங்கறதுதான் வேற. இது என்ற நெனப்புத்தான், பார்த்துக்குங்க. நானு இன்னும் கண்ணால பார்க்கலை."

"தட்டித் தொறக்க முடியாதுங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு முந்தி, எங்க மூடியிருக்குதுன்னு கண்டுபுடிக்கோணுமில்லீங்ணா" என்றார்.

இவ்வளவு தெரிந்தும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். புள்ளத்தாச்சி பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குக் கொடுக்காமல் ஒரு வாய் தின்னக் கூடாது. அது மாடாக இருந்தாலும் சரி, தெருநாயாக இருந்தாலும் சரி. ஏன் என்று நான் கேட்டதில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவதுபோல அதுவும் ஒன்று. முக்காலியில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறப்பேன். வேகவைத்த கொள்ளோ கடலையோ இருக்கும். பதினாலாம் கூண்டுக்காரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை நீட்டுவாள். எனக்குச் சோறு இறங்காது. நாலு கொள்ளு போட்டேன். மறுநாள் பக்கத்துக் கூண்டுகளும் எழுந்து நின்றன.

நாலு கொள்ளில் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். கெடுதல் செய்கிறோம் என்றே தோன்றவில்லை. சொல்லப்போனால், அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசி எடுத்தது.

குட்டிகள் பிறந்து, வளர்ந்து, மூன்று மாதம் ஆனதும் மேடம் சோதித்தார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, வால் நுனியிலிருந்து அரைமணிக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்க்கவேண்டும். சிவப்பு மூடிக் கூண்டுக் குட்டிகளுக்குச் சர்க்கரை இறங்க நேரமாகும் என்று எதிர்பார்த்தார். சிலதுக்கு ஆனது. பலதுக்கு, பச்சை மூடிக் குட்டிகளுக்குப் போலவே சட்டென்று இறங்கிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தார். அப்படியேதான் வந்தது.

துறைத்தலைவர் எலிக்கூட வாசல்வரை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனம்மா, ரெண்டு வருசமாச்சு. ரிப்போர்ட்டுல என்னத்தை எழுதறது? எலி நல்லா இருக்குது, நாங்களும் நல்லா இருக்கறோம்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள், மேடம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு அது தெரியும். மேடம் மீட்டரைச் சந்தேகப்பட்டார். ரத்தம் வைக்கிற பட்டையை, பட்டை இருந்த பிரிட்ஜை, பிரிட்ஜுக்கு வருகிற கரண்டை, ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தார். தீவன மூட்டை வந்த கடைக்கே போய் விசாரித்தார். என்னிடம் மட்டும் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று நானும் மரத்தூளை அள்ளிக்கொண்டிருந்தேன்.

எலியைக் குத்துவதற்கு முந்தி மேடம் தன் விரலைத்தான் குத்திக்கொள்வார். மீட்டர் சரியா என்று பார்க்கவும் ஆச்சு, நியாயமாகவும் ஆச்சு என்பார். ஒருநாள் அவர் விரலெல்லாம் புண். "என்றதுல பாருங்க மேடம்" என்று கையை நீட்டினேன். நான் செய்த குற்றத்துக்கு ஈடாக ஏதாவது செய்யவேண்டும்போல இருந்தது. மீட்டர் முந்நூறுக்குமேல் காட்டியது.

"பார்த்தீங்களா, மீட்டர்தான் கெட்டுப்போச்சு!" என்றார் சந்தோசமாக. உடனே தன் சுண்டுவிரலைக் குத்திப் பார்த்தார். அது சரியாக இருந்தது. வேறு பட்டையில் மறுபடியும் என் ரத்தம் வைத்தார். முந்நூறுக்குமேல்தான். அவர் முகத்தில் இருந்த சந்தோசம் அப்படியே நின்று வற்றியது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஈர்க்குச்சிபோல இருப்பேன்.

அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தினமும் இன்சுலின் ஊசி என்று ஆனது. வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மேடம் எலிக்கூடத்துப் பிரிட்ஜிலேயே என் பாட்டிலுக்கு ஓர் இடம் ஒதுக்கி, பட்டையான எழுத்தில் 'இது மனுசனுக்கு' என்று எழுதி ஒட்டினார். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்பதால் தமிழில் எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "உங்கம்மாவைப் பார்க்கோணுங்ணா" என்று அவிநாசிக்கு வடக்கே எங்கள் ஊருக்கு என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

அம்மா எங்கள் இருவருக்கும் கம்பங்கூழில் மோர் ஊற்றிக் கொடுத்தாள். மேடம் கேட்டார்: "இவரு பொறந்தப்ப எத்தனை எடை இருந்தாருங்கம்மா?"

"எடையா? மொறத்துல போட்டுத் தூக்குனா மொறத்து எடைதான் அம்மணி இருந்துது. பொழைக்காதுன்னு போட்டு அழக்கூட இல்லை யாரும்."

"மாசமா இருக்கறப்ப நீங்க என்ன சாப்புட்டீங்க?"

அம்மா சிரித்தாள். "இருந்தாத் தின்னுருக்க மாட்டனா கண்ணு? கூழைக் கரைச்சுக் கரைச்சுத் தண்ணியாக் குடிச்சோம்." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. படிக்காதவள்தான். ஆனால் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று பிடித்துவிட்டாள். "அப்ப நானு ஒழுங்காத் திங்காததுதான் இவனுக்குச் சக்கரையா? நாந்தான் இவனுக்கு இதைக் குடுத்தனா அம்மணி?"

பியூன் அண்ணன் அழுதது எனக்கு ஞாபகம் வந்தது. மேடத்துக்கும் வந்திருக்கவேண்டும். டம்ளரைக் கீழே வைத்தார். ஆனாலும் கேட்டார், மெதுவாக. "அதுக்கு முந்தி என்னங்கம்மா ஆச்சு?"

"முந்தியா? மழை இல்லை. கெணறு வத்திப்போச்சு. பண்ணையத்துல வேலை இல்லீன்னு போட்டாங்க. பசி பொறுக்கமாட்டாம அவிங்க ஊட்டு வாசல்ல போயி நின்னேன். ஏழு மாசம் எனக்கு. உள்ளார உக்காந்து சாப்புட்டுட்டு இருந்தாங்க. பருப்பு வாசம் வந்துது. அந்தம்மா என்ற வயித்தைப் பார்த்துச்சு. பார்த்துப்போட்டுத்தான் கதவைச் சாத்துச்சு."

மேடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கதவுலிருந்து வந்துதுங்கம்மா இவருக்குச் சக்கரை. உங்ககிட்ட இருந்து வரலை."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினாள். "அதுனாலதான் அம்மணி, இவனுக்கு நடை வந்த நாள்லருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தேன். புள்ளத்தாச்சி பார்க்கத் திங்காதேடா. நாயா இருந்தாலும் பூனையா இருந்தாலும் ஒரு வாய் போட்டுப்போட்டுத் தின்னுடான்னு."

மிச்சக் கூழை நான் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மேடத்துக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர், "அண்ணா, உள்ள போங்ணா, ஊஞ்சலாடறதுக்கா டிக்கெட் வாங்குனீங்க?" என்று என்னை இடித்துக்கொண்டு போனார். கருமத்தம்பட்டி தாண்டியபோது சொன்னேன்.

"மேடம். மீட்டர் சரியாத்தான் இருக்குதுங்க."

"தெரியுமுங்ணா."

"நாந்தான் கொள்ளு போட்டனுங்க. செகப்பு மூடிக் கூண்டுங்களுக்கு. அதுங்க சினையா இருந்தப்ப."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் இரண்டு நிறுத்தம் போனது. அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "எந்தெந்தக் கூண்டு?"

"பதினாலுக்குத் தெனமுங்க. பதினேழுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அவ கூச்சப்படுவா. இருபத்தொண்ணு கடலை மட்டுந்தான் திம்பா..." ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"இருபதாங் கூண்டு?"

"அதுக்குப் போடலீங்க. அவ கடிச்சுப்போடுவா."

எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் இறங்கியது. "அந்த இருபதும் இன்னும் ரெண்டு கூண்டுந்தானுங்ணா நான் நெனச்ச மாதிரி வந்துது" என்றார். "நீங்க போட்ட கொள்ளு வால்வை மூடவே வுடலை."

அதற்கு முந்தி என்ன, ஏன் போட்டீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதைத்தான் எங்கம்மா வாயால் ஏற்கெனவே கேட்டுவிட்டாரே. காந்திபுரத்தில் இறங்கும்போது, "நாளைக்கு ஊசி போட்டுட்டு வழக்கம்போல வாங்ணா" என்று மட்டும் சொன்னார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று தினமும் பயந்துகொண்டே போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருட வேலையைத் தள்ளிவிட்டு, மேடத்துக்குக் கடைசியாக ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. புது எலிகள், அதே பச்சை மூடி, அதே சிவப்பு மூடி. தீவனம் நான்தான் செய்தேன். வேறு ஆளைப் போடவில்லை.

இந்தத் தடவை மதியம் ஆனதும் தூக்குப்போசியோடு வெளியே போய்விடுவேன். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு புங்கமரம் உண்டு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மரத்துக்கு அந்தப் பக்கம் மேடம் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்குங்க மேடம் வெயில்ல?"

"உள்ளார உக்காந்து எனக்கும் எறங்கமாட்டேங்குதுங்ணா" என்றார். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

குட்டிகள் வளர்ந்தன. சிவப்பு மூடிக் குட்டிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அவர் நினைத்தது அப்படியே வந்துவிட்டது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போலச் சொன்னார்: "வந்துருச்சுங்ணா." நான் கொள்ளு போடாததற்கு அதுதான் சாட்சி. அம்மாவின் முறம் ஞாபகம் வந்து, நானும் சந்தோசப்படவில்லை.

ஆனால் தவணை முடிந்திருந்தது. மூடின வால்வு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க முடியுமா என்பதற்கெல்லாம் காலம் கொடுக்கவில்லை. அந்த ஒரு வருடம் வீணாகாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள். மேடம் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது பிரிட்ஜில் என் பாட்டிலுக்கு ஒட்டியிருந்த சீட்டு மங்கிவிட்டதென்று புதிதாக எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

அவர் போய் ஒரு மாதம் கழித்துப் பியூன் அண்ணன் எலிக்கூடத்துக்கு வந்தார். "உனக்கு ஒண்ணு சொல்லோணும். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்தம்மா சொல்லுச்சு, அதான் இத்தனை நாளு வாயை மூடிட்டு இருந்தேன்" என்றார். நான் பஸ்ஸில் சொன்னதற்கு மறுநாள் காலை, துறைத்தலைவர் அறைக்கு அவர் டீ கொண்டுபோயிருக்கிறார். மேடம் நின்றுகொண்டிருந்தாராம்.

"தீவனம் மாறிப்போச்சுங்க சார். அந்த வருசத்துக் கணக்கு செல்லாதுங்க. என்ற தப்புத்தான்."

"எப்படி மாறுச்சு?"

"நான் சரியாப் பார்க்கலைங்க."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தாராம். "ஏனம்மா, ஊரையெல்லாம் கேப்பியே, இப்ப நான் கேக்கறேன். அதுக்கு முந்தி என்ன?"

பியூன் அண்ணன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாராம். மேடம் ஜன்னல் வழியாக எலிக்கூடத்தின் பக்கம் ஒரு தரம் பார்த்தாராம். அப்புறம் சொன்னாராம்:

"அதுக்கு முந்தி ஒண்ணுமில்லைங்க சார்."